சிக்னலில் உதறும் ஆட்டோமேட்டிக் கார்: கோளாறை எங்கே தேடுவது?

சிக்னலில் கியர் டி-யில் இருக்கிறது, கால் பிரேக்கில் இருக்கிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது, சீட் வழியாக அதிர்வு முதுகுக்கு ஏறுகிறது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு உடனே வரும் பயம், 'கியர்பாக்ஸ் போச்சா?' என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. நிற்கும்போது வரும் உதறல் அனேகமாக என்ஜினிலிருந்தோ, அதைத் தாங்கும் மவுண்டிலிருந்தோதான் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க முதல் கருவி உங்கள் இடது கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியர் லீவர். எந்த நிலையில் உதறுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்று கவனித்தாலே தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும். பாகம் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களுடையது எந்த ஆட்டோமேட்டிக்?

நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வகை ஓடுகின்றன: டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி, ஏஎம்டி. நிற்கும்போது இவை நடந்துகொள்ளும் விதம் வேறு.

டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் இணைப்பு. என்ஜின் பக்கச் சக்கரம் சுழன்று எண்ணெயைத் தள்ள, அந்த விசையில் எதிர்ப்பக்கச் சக்கரம் சுழல வேண்டும். டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போது எதிர்ப்பக்கம் அசையாது. ஆனாலும் என்ஜின் அந்த எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒரு நிரந்தரச் சுமை. என்-னில் இந்தச் சுமை இல்லை. சிவிடி கார்கள் பலவற்றிலும் டார்க் கன்வெர்ட்டர் உண்டு, ஆகவே அவையும் இதே கணக்குதான்.

ஏஎம்டி அப்படியல்ல. 2014-இல் மாருதி செலேரியோவோடு இங்கே பரவிய இந்த வகையில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்சும் மேனுவல் கியர்பாக்ஸும்தான். காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் கிளட்சை அழுத்துகிறது. பிரேக் பிடித்து நிற்கும்போது கிளட்ச் விலகியிருக்கும். டிசிடி-யிலும் அப்படியே. இந்த இரண்டிலும் டி-க்கும் என்-னுக்கும் பெரிய வித்தியாசம் தெரியக் கூடாது. டி-யில் மட்டும் வண்டி முன்னால் தள்ளித் தள்ளி உதறினால், கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நான்கு எளிய சோதனைகள்

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். குளிர்ந்த என்ஜின் 1000 ஆர்பிஎம்முக்கு மேல் தொடங்கிப் படிப்படியாக இறங்கும், அப்போது எதையும் தீர்மானிக்க முடியாது. சூடான பெட்ரோல் கார் பொதுவாக 650 முதல் 850-க்குள் நிற்கும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள்; டி-யில் இருக்கும்வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

முதலில் என், பிறகு டி. இரண்டிலும் உதறினால் கோளாறு என்ஜினில். டி-யில் மட்டும் என்றால், சுமை ஏறும்போது என்ஜின் தடுமாறுகிறது அல்லது மவுண்ட் தளர்ந்திருக்கிறது.

இரண்டாவது, ஏசி. என்-னில் வைத்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசரும் ஒரு சுமைதான். கம்ப்யூட்டர் உடனே காற்றைக் கூட்டி ஆர்பிஎம்மைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முள் சட்டென்று விழுந்து தடுமாறி எழுந்தால், காற்று போகும் வழியைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதே இல்லை. டி-யில் நிற்கும்போது கால் எப்போதும் பிரேக்கில்தானே இருக்கிறது? உதறலுக்குக் காரணம் கியரா, பிரேக்கா என்று எப்படித் தெரியும்? என்-னுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் பிடித்திருக்க, பிரேக் பெடலை மட்டும் அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் 'உஸ்' என்ற சத்தத்தோடு ஐடிலிங் மாறினால் பிரேக் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ லீக் இருக்கலாம். இது பிரேக் பாதுகாப்பும் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடக் கூடாது.

நான்காவது, என்-னில் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி 1500 வரை கொண்டுபோங்கள். உதறல் மறைந்தால் காற்று லீக், அழுக்கடைந்த த்ராட்டில் பாடி போன்றவை. அங்கேயும் திக்கினால் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

முள் ஆடுகிறதா, உடல் மட்டும் ஆடுகிறதா?

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். 700 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 350 முறை, நான்கும் சேர்ந்தால் 1400 முறை. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 23 துடிப்பு. மவுண்ட் நன்றாக இருந்தால் இது உள்ளே தெரியாது. மவுண்ட் செத்துவிட்டால் இதே வேகத் துடிப்பு அப்படியே பாடிக்கு வரும்: 'விர்ர்' என்ற சன்னமான அதிர்வு, ஆனால் ஆர்பிஎம் முள் அசையாது.

ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் கதை வேறு. விநாடிக்கு சுமார் 6 முறை ஒரு அடி விட்டுப்போகிறது. அது விர்ர் இல்லை, தடக் தடக்கென்று சீட்டையே ஆட்டும் உதறல். முள்ளும் லேசாகத் துள்ளும். சைலன்சர் வாயில் புகை ஒரே சீராக வராமல் விட்டு விட்டு வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். சில கார்களில் முள் நுண்ணிய அசைவைக் காட்டாது, அப்போது ஓபிடி ஸ்கேனரில் ஓடும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பிலேயே கொஞ்சம் அதிகம் ஆடும். அதே மாடல் வேறொரு வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மவுண்ட்

ஒருவர் டிரைவர் சீட்டில் பிரேக்கை அழுத்தமாக மிதித்திருக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து வண்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும், எக்காரணம் கொண்டும் முன்னால் நிற்கக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என், டி, என், ஆர் என்று மாற்றுங்கள். என்ஜின் சற்றே சாய்வது இயல்பு. துள்ளி எழுந்து 'டொக்' என்று உட்கார்ந்தால் மவுண்ட் போய்விட்டது. ரப்பரில் வெடிப்பு, எண்ணெய் நிரப்பிய மவுண்ட் என்றால் அடியில் கசிந்த கறை, இவையும் அடையாளம்.

மிஸ்ஸிங்

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் போடுங்கள். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போய், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

பி0302 வந்திருக்கிறது என்று வையுங்கள். பிளக்குக்கு ஒரு காயில் இருக்கும் என்ஜின் என்றால், காசில்லாமல் ஒரு சோதனை உண்டு. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டர் காயிலையும் மூன்றாம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில் ஒன்று வாங்கினால் போதும். பி0302-வே மறுபடி வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் சோதனை. நான்கு காயிலையும் ஒட்டுமொத்தமாக மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் எட்டிப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் காயில் மாற்றினால் புதியதும் கெடும்.

காற்று

ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு மயிரிழை அளவே திறந்திருக்கும். அதன் விளிம்பில் படியும் கரி அந்த இடைவெளியை அடைக்கிறது. என்-னில் சமாளிக்கும் என்ஜின் டி-யும் ஏசியும் சேர்ந்ததும் திணறுவதற்கு இது ஒரு பொதுவான காரணம். த்ராட்டில் பாடி கிளீனரும் துணியும் போதும், ஆனால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள். கழுவிய பிறகும், பேட்டரி கழற்றி மாட்டிய பிறகும், கம்ப்யூட்டர் ஐடிலிங்கைப் புதிதாகக் கற்க வேண்டும். சில வண்டிகளில் அது தானாக நடக்கும், சிலவற்றில் ஸ்கேனரால் செய்ய வேண்டும். அதுவரை ஐடிலிங் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று புகுந்தாலும் உதறும். பி0171 என்ற குறியீடு அதற்கு ஒரு குறிப்பு. லீக்கைத் தேட ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுப் பார்ப்பது பாதுகாப்பான வழி. சூடான என்ஜின்மேல் எரியக்கூடிய ஸ்ப்ரே அடித்துத் தேடுவது தீயில் முடியலாம். பெட்ரோல் போட்டவுடன் மட்டும் உதறுகிறதா? டாங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வ் மூடாமல் இருக்கலாம்.

கியர்பாக்ஸ்மேல் எப்போது சந்தேகம்?

டார்க் கன்வெர்ட்டருக்குள் நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டும் ஒரு கிளட்ச் உண்டு. வண்டி நிற்பதற்குள் அது விடுபட வேண்டும். விடுபடாவிட்டால், மேனுவல் காரில் கிளட்ச் மிதிக்காமல் பிரேக் அடித்ததுபோல என்ஜின் குலுங்கி அணைந்துவிடும். என்-னுக்குத் தள்ளினால் தப்பிக்கும். இந்த அடையாளமோ, கியர் விழும்போது பலத்த அடியோ, ஓடும்போது வழுக்கலோ இருந்தால்தான் கியர்பாக்ஸைத் திறக்கும் பேச்சு வர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது 'வண்டி உதறுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'சூடான பிறகு, டி-யில் மட்டும், ஏசி இல்லாமலும் உதறுது, முள் ஆடலை, விளக்கு எரியலை' என்று சொல்லுங்கள். கேட்ட மெக்கானிக் முதலில் மவுண்டைப் பார்ப்பார். கிளீனர், காயில் இடமாற்றம், மவுண்ட் சோதனை என்று செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பில்லைக் கட்டுங்கள்.