முதுமைக்கு ஒரு டாக்டர்

"வயசாகிவிட்டது, இனி என்ன வைத்தியம்?" சேலம், நாமக்கல் பக்கத்துப் பாட்டிமார்களும் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை இது. இதை ஒப்புக்கொள்ளாதவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்று வந்த அவர், 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பே வந்துவிட்டது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. நேற்றுவரை தெளிவாயிருந்த மாமியார் இன்று திடீரென்று பிதற்றினால், "மூப்பு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, மருந்தின் கோளாறோ காரணமாயிருக்கலாம். சாப்பாடு வேண்டாமென்று மூலையில் சுருண்டு கிடந்தால், மனச்சோர்வாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. முதுமை வியாதியல்ல, ஆனால் அதன் பின்னே வியாதி ஒளிந்திருக்கக் கூடும், அல்லவா?