சிறு பிள்ளைக்கு இருமல் மருந்து தேவையா?
பெற்றோர்களே, இருமல் நோயன்று. மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியேற்ற உடல் செய்யும் வேலை. சளிக்காய்ச்சலோடு வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தானே அடங்கிவிடும். மருந்து கொடுப்பதால் அது விரைவில் குணமாவதில்லை. மாறாக, அளவு மிஞ்சினால் அளவுகடந்த தூக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல் உண்டாகலாம். ஆகவேதான், கடையில் வாங்கும் இருமல் மருந்தை 2 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் அறிவுறுத்தியது. அண்ணனின் மருந்தில் பாதியைத் தம்பிக்குக் கொடுப்பதும் ஆபத்தே.

1 வயதைக் கடந்த பிள்ளைக்குப் படுக்குமுன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். கைக்குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.