கடைப் பாக்கெட்டைக் குறைப்போம், வீட்டு மசாலாவுக்குத் திரும்புவோம்

பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவராவது இல்லாத வீட்டை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். வாப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். உம்மாவுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார். ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சட்டியில்தான் கறி கொதிக்கிறது. பெரியவர்களுக்குத் தனியாக ஒரு பத்தியச் சமையல் நான்கு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் நின்றுவிடும். எனவே மாற்ற வேண்டியது அந்தச் சட்டிக்குள் போகும் பொருள்களை. அதற்கு நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது.

உப்பைக் கணக்குப் பாருங்கள்

வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறதா? அப்படியானால் அளவு கூடிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கு இதைவிடவும் குறைவாகவே தேவை.

உப்பு பாக்கெட்டிலிருந்து வருவது மட்டும் கணக்கல்ல. பாட்டில் இஞ்சி பூண்டு விழுது, ரெடிமேட் பிரியாணி மசாலா, சூப் கட்டி, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்துவிட்டு, இவற்றின் வழியாக இரண்டு சிட்டிகை சேர்த்துக்கொள்கிறோம்.

இந்துப்பு நல்லது என்று அதிகம் சேர்ப்பவர்களும் உண்டு. அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். 'லோ சோடியம்' என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷருக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

உப்பைக் குறைத்தால் ருசி போய்விடும் என்ற பயம் வேண்டாம். இறக்கும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகைப் பொடித்துத் தூவி, மல்லி புதினாவைத் தாராளமாகப் போடுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இஞ்சி பூண்டு விழுது

நம் சமையலுக்கு அஸ்திவாரமே இதுதான். கால் கிலோ உரித்த பூண்டுக்கு 200 கிராம் தோல் சீவிய இஞ்சி போதும். இஞ்சியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நாருக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக நறுக்கினால் விழுதில் நார் தட்டாது. தண்ணீர் விடாமல், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு அரையுங்கள்.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீதியை ஐஸ் தட்டில் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, கட்டிகளாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் இருக்கும். கறிக்கு வேண்டிய கட்டிகளை எடுத்து நேராகச் சட்டியில் போடலாம்.

எண்ணெய் சேர்த்து அரைத்த பூண்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத அந்த இடத்தில் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே நேரம், அரைத்த பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயந்து கொட்ட வேண்டியதில்லை. பூண்டில் உள்ள சத்துகள் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வரும் நிறம் அது.

குழம்புத்தூளும் கறி மசாலாவும்

கால் கிலோ வற்றல் மிளகாய், அரைக் கிலோ மல்லி, சீரகம், மிளகு, சோம்பு தலா 50 கிராம், விரலி மஞ்சள் 25 கிராம். சிறு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு இது. நன்றாக வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வாருங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும்.

மிளகாய் வாங்கும்போது இரண்டு மூன்றைப் பிளந்து உள்ளே பாருங்கள். விதைகள் கறுத்தோ சாம்பல் பூத்தோ இருந்தால் பூஞ்சை பிடித்தது என்று அர்த்தம். விலை மலிவு என்று அதை வாங்கக் கூடாது.

கறி மசாலாவுக்குப் பட்டை 20 கிராம், கிராம்பு 10, ஏலக்காய் 10. வெறும் சட்டியில் இலேசாகச் சூடாக்கி மிக்ஸியில் பொடியுங்கள். இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும். ஒரு துளி உப்பும் சேராத மசாலா கிடைத்துவிடும்.

மஞ்சளில் கவனம்

பளிச்சென்ற நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலந்து விற்ற செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்ததென்றால் தண்ணீர் அடர் மஞ்சளாகும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவினால், கலந்த சாயம் கோடு கோடாக இறங்குவது தெரியும்.

இவை சந்தேகத்தைக் காட்டும் சோதனைகள்தான், உறுதி சொல்ல ஆய்வகம் வேண்டும். விரலி மஞ்சளாக வாங்கும்போதும் மினுமினுப்பதை விட்டு, மங்கலாக இருப்பதை எடுங்கள்.

நெய்யும் எண்ணெயும்

ஒரு கிலோ உப்பில்லாத வெண்ணெயை அடி கனத்த பாத்திரத்தில் மெல்லிய தீயில் உருக்கினால் ஏறக்குறைய முக்கால் கிலோ நெய் கிடைக்கும். சடசடப்பு அடங்கி, அடிக்கசடு பொன்னிறமானதும் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டு இறக்கி வடிகட்டுங்கள். வீட்டு நெய் என்பதற்காக அளவில்லாமல் ஊற்றக் கூடாது, அதுவும் கொழுப்புதான். பிரியாணிக்கு நெய்யும் எண்ணெயும் அளவாக இருந்தால் வனஸ்பதி தேவையே இல்லை. செயற்கைக் கொழுப்பு அமிலமான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. அந்தக் கொழுப்பு இதயத்துக்கு அவ்வளவு கெடுதல்.

நோன்புக் காலத்தில் சமோசாவும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுவது பல வீடுகளில் வழக்கம். கறுத்த, நுரை தள்ளும், பிசுபிசுக்கும் எண்ணெய் கெட்டுப்போன எண்ணெய். சின்னச் சட்டியில் குறைவாக ஊற்றிப் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். வீண் விரயமும் இல்லை, உடம்புக்கும் கேடில்லை. நாள் முழுக்க வெறுமையாக இருந்த வயிற்றுக்கு முதலில் கஞ்சியும் பழமும் கொடுத்து, பொரித்ததை ஒன்றிரண்டோடு நிறுத்தினால் தராவீஹ் தொழுகையில் நெஞ்செரிச்சலும் வராது.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் அலுப்புத்தான் மிஞ்சும். இந்த வாரம் இஞ்சி பூண்டு விழுது, அடுத்த வாரம் கறி மசாலா, மாதக் கடைசியில் குழம்புத்தூள் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். கால் கிலோ பூண்டு உரிப்பதை வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடாமல், இஷாவுக்குப் பிறகு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேர வேலைதான். அடுத்த முறை வாப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, வீட்டில் உப்பையும் எண்ணெயையும் எவ்வளவு குறைத்திருக்கிறோம் என்று அளவோடு சொல்லுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும், நாமாக நிறுத்திவிட வேண்டாம்.