புதிய சைக்கிள் டியூப் ஏன் பழுதாகிறது?

புதிய டியூப் ஒன்றை வாங்கி மாட்டிக் காற்றடித்து வைத்த மறுநாளே சக்கரம் தரையோடு தரையாக அமர்ந்திருக்கக் கண்டு, டியூபின் தரத்தை நொந்துகொண்டு வேறொன்றை வாங்கி மாட்டி, அதுவும் அதே கதியடைவதைப் பார்த்துத் திகைத்து நிற்போர் அநேகர். ஆனால் குற்றம் டியூபினுடையதாக இருப்பது அபூர்வம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்று டயருக்கு 1888-ல் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்றுவரை காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் பலம் டயரின் நூலிழைகளுக்கே உரியது. டியூபோ மெல்லிய ரப்பர்ப் பை மாத்திரமே ஆதலால், டயரின் அணைப்பை விட்டு எங்கேனும் சிறிது பிதுங்கினாலும் வெடித்துவிடும்.

ஆகவே குற்றம் எங்கே இருக்கிறது என்று அறிய, டியூபை வெளியே எடுக்குமுன், வால்வுக்கு நேராக டயரில் சாக்குக்கட்டியால் ஓர் அடையாளமிட்டுக்கொண்டு, பிறகு டியூபில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி கிளம்பும் ஸ்தானத்தைக் கவனிக்க வேண்டும். துவாரம் ரிம்மை நோக்கிய உட்புறத்தில் இருந்தால், ரிம் டேப் விலகி, ஸ்போக்ஸ் கம்பியின் முனையோ நிப்பிளின் தலையோ டியூபைக் குத்துகிறது என்று நிச்சயிக்கலாம். வெளிப்புறத்தில் இருந்தால், அடையாளத்தோடு வால்வைப் பொருத்தி டியூபை டயரின்மேல் வைத்துப் பார்க்க, முள்ளோ கம்பித்துணுக்கோ டயரில் புதைந்திருக்கும் இடம் தானே தெரியவரும். அங்கே உட்புறம் பஞ்சால் மெதுவாகத் தடவினால் இழை சிக்கிக்கொள்ளும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதால் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கலாம், அல்லது வால்வுத் துவாரத்தின் விளிம்பு கூராக இருக்கலாம். பாம்புக் கடிபோல அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால், காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதியபோது டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. மாட்டிய உடனேயே அத்தகைய கீறல் கண்டால், டயரை நெம்பும் லிவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த லிவர் டயரைக் கழற்றுவதற்கு மிகவும் உதவும். மாட்டுவதற்கு அதைப் பிரயோகிப்பதே மாட்டியவுடன் காணும் கீறலுக்குப் பெரும்பாலும் காரணம். டியூப் உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு மாத்திரம் காற்றேற்றி, டயருக்குள் முறுக்கில்லாமல் படியவைத்து, வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் தொடங்கி, டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே இருபுறமும் வந்தால், வால்வருகே எஞ்சும் கடைசிப் பகுதியும் கட்டைவிரல்களுக்கே இணங்கிவிடும். அப்போது வால்வின் நட்டை முழுதும் முறுக்காமல், வால்வை உள்ளே தள்ளிப் பின் வெளியே இழுத்தால், விளிம்பின் அடியில் சிக்கிய டியூப் விடுபடும். இனி டயரை இருபக்கமும் விரலால் ஒதுக்கி, டியூபின் கறுப்பு எங்கும் தெரியாதிருப்பதைச் சுற்றிலும் பரிசோதித்து, பாதிக் காற்றடித்து டயர் சீராக அமர்ந்ததா என்று பார்த்த பின்பு, மீதிக் காற்றை அடித்து நட்டை முறுக்கலாம்.