பில் போடும் மென்பொருள் அடுப்போடு வருகிறதா?

நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாட்கள் இருந்தன. அக்கரைப்பற்றில் புடைவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். "காக்கா, பில் போட ஏலாமக் கிடக்கு. படத்த அமத்தினா வேற என்னமோ திறக்குது, உள்ளுக்க ஒரே பைலாக் கிடக்கு. கடை நிறையச் சனம்" என்றார்.

போய்ப் பார்த்தேன். மென்பொருளில் பழுதில்லை. அன்று பின்னேரம் கடைப் பையன் ஒருவன் கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றியிருந்தான். நண்பரின் பில் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்ட 'ஜார்' கோப்பு. ஜார் என்பதும் ஒருவகைச் சுருக்கிய பொதிதான். ஆகவே புதிதாக வந்தவர் அதைத் தன்னுடைய சாமான் என்று எடுத்துக்கொண்டார். சரிசெய்யப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் அதற்குள் இரண்டு மணி நேரம் கையால் பில் எழுதியாகிவிட்டது. எந்தச் சாமான் எத்தனை போனது என்ற இருப்புக் கணக்கும் குழம்பிவிட்டது.

நம் பகுதிக் கடைகளில் ஜாவா மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவின் சிறப்பு, ஒருமுறை எழுதினால் விண்டோஸ், லினக்ஸ், மெக் எதிலும் ஓடும் என்பது. ஆனால் ஓடுவதற்கு அந்தக் கணினியில் ஜாவா இயக்கி இருக்க வேண்டும். கலியாணத்துக்குச் சமையற்காரரைப் பேசுகிறோம். அடுப்பும் கிடாரமும் அவரே கொண்டு வருவாரா, நம் வீட்டில் இருப்பதை நம்பி வெறுங்கையோடு வருவாரா? வெறும் ஜார் கோப்பைத் தரும் விற்பனையாளர் இரண்டாவது ரகம். கணினியில் ஜாவாவை யாராவது அழித்தாலோ, பொருந்தாத பதிப்பு ஏறினாலோ, உலை ஏறாது.

இது சிறு கடைகளுக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. இந்தியாவின் வருமான வரித் திணைக்களமும் வரி விபரம் நிரப்பும் மென்பொருளைப் பல வருடங்கள் ஜாவா வடிவில் கொடுத்தது. அதைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் தம் கணினியில் ஜாவாவை ஏற்ற வேண்டியிருந்தது. 2021இல் அந்த வடிவம் கைவிடப்பட்டது.

இதற்கு வழி உண்டு. 'லோஞ்ச்4ஜே' என்ற இலவசக் கருவி ஜார் கோப்பை விண்டோஸ் மென்பொருள் போல் உறையிட்டுத் தரும். கடையின் சின்னம், திறக்கும்போது தோன்றும் படம், எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்ற எல்லை, எல்லாம் அதில் வைக்கலாம். ஜாவாவையும் கூடவே வைத்து அனுப்பலாம். ஜாவாவுடனேயே வரும் கருவி 'ஜேபெக்கேஜ்'. 2020இல் ஜாவா 14உடன் சோதனையாக வந்து, 2021 மார்ச்சில் ஜாவா 16உடன் நிரந்தரமானது. மென்பொருளையும் அதற்குரிய ஜாவாவையும் ஒரே பொதியாகக் கட்டி, வழமையான விண்டோஸ் நிறுவியாக்கித் தருகிறது. கணினியில் வேறு ஜாவா இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. எனக்குப் பிடித்தது, ஒரே பொதியிலிருந்து இரண்டு மூன்று தொடக்கிகள் வைக்கலாம் என்பது. காசாளருக்குப் பில் போடும் படம் ஒன்று, முதலாளிக்கு இருப்புப் பார்க்கும் படம் இன்னொன்று. ஒன்று சொல்ல வேண்டும்: விண்டோஸ் பொதியை விண்டோஸ் கணினியில்தான் கட்டலாம், மெக்குக்கு மெக் கணினி வேண்டும்.

"ஜாவாவுக்குக் காசு கட்ட வேண்டுமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. ஒரக்கிள் நிறுவனம் 2019 ஏப்ரலில் ஜாவா 8இன் உரிமத்தை மாற்றி, புதிய வெளியீடுகளை வியாபாரத்துக்குப் பாவிப்பதற்குக் கட்டணம் வைத்தது. ஆனால் ஓபன்ஜேடிகே என்ற திறந்த மூல ஜாவா இருக்கிறது. அதிலிருந்து கட்டப்படும் 'டெமுரின்' போன்றவை வியாபாரத்துக்கும் இலவசம். உங்கள் பொதிக்குள் இருப்பது எது என்று விற்பனையாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிவையுங்கள்.

பாதகங்களும் உண்டு. பொதி பெரிதாகும். தேவையான பகுதிகளை மட்டும் வைத்துச் சிறிதாக்க 'ஜேலிங்க்' என்ற கருவி உதவும். உள்ளே இருக்கும் ஜாவாவின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. விற்பனையாளரே புதிய பொதி தர வேண்டும், ஆகவே வருடாந்தப் பராமரிப்புப் பேச்சில் இதையும் சேர்த்துப் பேசுங்கள். இலத்திரனியல் கையொப்பம் இல்லாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸ் நீலப் பெட்டியில் எச்சரிக்கும். வாங்கிய இடம் நிச்சயமாகத் தெரிந்தாலன்றி அதைத் தாண்டிப் போகாதீர்கள். கவுண்டரில் இருப்பது 32 பிட் விண்டோஸ் கொண்ட பழைய கணினியா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜாவா 24 முதல் அதற்கான விண்டோஸ் பதிப்பே கிடையாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கணக்கு எங்கே இருக்கிறது என்பது. மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே கடன் கணக்கும் இருந்தால், பழையதை அகற்றும்போது அதுவும் சேர்ந்து போய்விடக்கூடும்.

பெருநாள் கழிந்ததும் நண்பருக்கு விற்பனையாளர் புதிய பொதி கட்டிக் கொடுத்தார். கடைப் பெயரோடு இரண்டு படங்கள் திரையில் வந்தன. பழையதை அகற்றப் போகும் நேரம் கடன் கணக்கு எங்கே என்று கேட்டேன். நான் பயந்தபடியே அதே கோப்புறைக்குள் இருந்தது, அத்தனை வாடிக்கையாளரின் பாக்கியும் அதற்குள். அதை வேறோர் இடத்துக்கு மாற்றி, பென் டிரைவ் ஒன்றிலும் பிரதி எடுத்த பிறகுதான் பழையதில் கைவைக்க விட்டேன்.