இந்த வயர் தாங்குமா? வோல்ற்று, அம்பியர், வாற்றுக் கணக்கு

சொந்தக் காணிக்குத் திரும்பி, வீடு கட்டி முடியும் வரை தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பங்கள் பல, பக்கத்து வீட்டிலிருந்து நீட்டு வயர் ஒன்றை இழுத்து மின்சாரம் எடுக்கின்றன. முதலில் ஒரு மின்குமிழ், பிறகு மின்விசிறி. சில நாட்களில் அதே வயரில் கேத்தலும் ஏறிவிடுகிறது. மின்குமிழைத் தாங்கிய வயர் கேத்தலைத் தாங்குமா? பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டில் பாடசாலைப் பிள்ளை இருந்தால் சேர்ந்து செய்யுங்கள்.

நான்கு சொற்கள்

வோல்ற்று: மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். இலங்கையில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று.
அம்பியர்: வயரினூடாக ஓடும் மின்னோட்டத்தின் அளவு.
ஓம்: அந்த ஓட்டத்துக்கு வயரோ உபகரணமோ காட்டும் தடையின் அளவு.
வாற்று: உபகரணம் ஒரு செக்கனில் எடுக்கும் சக்தியின் அளவு. இதை வலு என்கிறோம்.

தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தாங்கி உயரத்தில் இருப்பதால் வரும் அழுத்தம் வோல்ற்று. குழாயில் ஓடும் தண்ணீர் அம்பியர். குழாய் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் வரச் சிரமப்படும், அதுதான் தடை. வயரும் அப்படியே. மெல்லிய வயருக்கும் நீளமான வயருக்கும் தடை கூட.

இரண்டு விதிகள்

வலு = வோல்ற்று × அம்பியர்
தடை = வோல்ற்று ÷ அம்பியர்

உபகரணத்தின் அடியில் அல்லது பின்புறத்தில் அதன் வாற்று எண் எழுதப்பட்டிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் எத்தனை அம்பியர் எடுக்கும் என்பது கிடைக்கும்.

60 வாற்று மின்குமிழ்: 60 ÷ 230 = 0.26 அம்பியர்.
2000 வாற்று கேத்தல்: 2000 ÷ 230 = 8.7 அம்பியர். அதன் தடை 230 ÷ 8.7 = ஏறத்தாழ 26.4 ஓம்.

ஒரு கேத்தல் 33 மின்குமிழ்களுக்குச் சமம். 5 அம்பியர் பிளக் பொயின்றில் இதைச் செருகக் கூடாது என்பது இப்போது விளங்கும்.

வயர் சுடுவது ஏன்?

0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய செப்பு வயரை 30 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போகும் கம்பிக்கும் வரும் கம்பிக்குமாக ஏறத்தாழ 2 ஓம் தடை இருக்கும். வயரில் உண்டாகும் வெப்பத்தை இப்படிக் கணக்கிடலாம்:

வெப்பம் = அம்பியர் × அம்பியர் × தடை

மின்குமிழ் எரியும்போது: 0.26 × 0.26 × 2 = 0.14 வாற்று. வயர் சுடாது.
கேத்தல் கொதிக்கும்போது: கேத்தலினதும் வயரினதும் தடையைக் கூட்டினால் 28.4 ஓம். 230 ÷ 28.4 = 8.1 அம்பியர். 8.1 × 8.1 × 2 = ஏறத்தாழ 130 வாற்று.

இரண்டு 60 வாற்று மின்குமிழ்களின் வெப்பத்துக்கும் மேலானது உங்கள் வயருக்குள் உண்டாகிறது. வயரைச் சுருட்டி வைத்திருந்தால் வெப்பம் வெளியேறாது, மேலுறை உருகும். தளர்வாக முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு இன்னும் ஆபத்தானது. அதில் 1 ஓம் தடை இருந்தாலே 8 × 8 × 1 = 64 வாற்று வெப்பம் விரல் நுனியளவு இடத்தில் சேரும். அது கிடுகிலோ பாயிலோ பட்டுக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும்.

உடம்பும் ஒரு தடைதான்

ஈரமான உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடலாம். 230 ÷ 1000 = 0.23 அம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். அதனால்தான் 0.03 அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சைப் பொருத்துகிறார்கள். அது அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கட்டி வைத்து ஓட்டாதீர்கள். கசிவைத் தேடித் திருத்துவியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஒரே பிளக் பொயின்றில் பாவிப்பவற்றின் வாற்றுகளைக் கூட்டி 230 ஆல் வகுத்துப் பாருங்கள். 1000 வாற்று அயனும் 700 வாற்று றைஸ் குக்கரும் சேர்ந்தால் 7.4 அம்பியர், 5 அம்பியர் மல்ரி பிளக் தாங்காது.
• நீட்டு வயரை மின்குமிழுக்கும் மின்விசிறிக்கும் மட்டும் பாவியுங்கள்.
• கிணற்று மோட்டரை நீட்டு வயரில் ஓட்டாதீர்கள். தொடங்கும் கணத்தில் அது வழமையைவிடப் பல மடங்கு அம்பியர் எடுக்கும்.
• வயரோ பிளக்கோ சூடாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்.
• பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் அளவுள்ள பியூஸ் கம்பியையே போடுங்கள். தடித்த கம்பி போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும்.
• ஈரக் கையோடும் வெறுங்காலோடும் சுவிச்சைத் தொடாதீர்கள்.
• யாருக்காவது மின்சாரம் அடித்தால் அவரைத் தொட முன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.

புது வீட்டுக்கு வயரிங் செய்யும்போது, நீங்கள் பாவிக்கப்போகும் உபகரணங்களின் வாற்றுகளை ஒரு தாளில் எழுதி, தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடம் கொடுங்கள். எந்த இடத்துக்கு எந்தத் தடிப்பில் வயர் போடுகிறார் என்று கேளுங்கள். இந்தக் கணக்குத் தெரிந்த உங்களுக்கு அவர் சொல்லும் பதில் விளங்கும்.