மயோசினுக்குக் கைகொடுக்கும் புரதம்

தசை இழை தானாகவே கூடிக்கொள்ளும்னுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு அதை மாற்றியது.

1974-இல் எப்ஸ்டைனும் தாம்சனும் சி. எலிகன்ஸ் புழுவில் ஒரு மரபணுப் பிறழ்வை விவரித்தார்கள். 15 டிகிரியில் வளர்த்தால் புழு நன்றாக நெளியும். 25 டிகிரியில் வளர்த்தால் தசை இழைகள் ஒழுங்கு குலைந்து முடங்கிவிடும். ஆனால் 15-இல் முழுசா வளர்ந்த புழுவை 25-க்கு மாற்றினால் பெரிசா ஒன்றும் ஆகாது. அதாவது, அந்த மரபணுவின் புரதம் தசையைக் கட்டும் நேரத்தில்தான் முக்கியம்.

நம் தசைகளில் அதே வேலையைச் செய்வது அன்க்-45பி. சுருங்கும் விசையைத் தரும் மயோசினின் தலைப்பகுதி சரியாக மடிய இது கைகொடுக்கிறது. இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், பெரும்பாலும் சிறுவயதிலேயே தசை பலவீனம் தொடங்குகிறது. அப்படிப்பட்ட குழந்தையிடம் மயோசின் மரபணுவை மட்டும் சோதித்தால் எல்லாம் சரின்னுதான் தெரியும்.